மறைக்குடைக்கு வெளியே

கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இரயில் வாளையாற்றைத் தாண்டியதும் காற்றும் மாறுகிறது, காதில் விழும் மொழியும் மெல்ல மாறுகிறது. பாலக்காடு சந்திப்புக்கு அப்பால் இலக்கிடி, ஒற்றப்பாலம், ஷொரனூர், பட்டாம்பி, கொடுமுண்டா என்று நிலையங்கள் பாரதப்புழையை ஒட்டியே வருகின்றன. விடுமுறைக்கு இவ்வழியே ஊர் செல்லும் நம் மாணவர் பலர் இந்தப் பெயர்களை வரிசை தப்பாமல் ஒப்பிப்பர். இவற்றில் பெரும்பாலானவை ஒரு மனிதரின் வாழ்க்கையோடும் அவர் தொடங்கி வைத்த கிளர்ச்சியோடும் பிணைந்தவை என்பதை அறிந்தவர் சிலரே. அவர் வெள்ளித்துருத்தித் தாழத்து இராமன் பட்டதிரிப்பாடு. மலையாள நாடு அவரை வி. டி. என்ற இரண்டே எழுத்துகளால் அறியும்.

2022-ஆம் ஆண்டு உடுப்பியின் அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் முஸ்லிம் மாணவிகளின் தலைத்துணி பற்றி எழுந்த வழக்கிலிருந்து, நம் விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் அந்த விவாதம் அடிக்கடி மூளுவதை யாவரும் அறிவோம். கேரளத்தில் பெண்ணின் உடை பற்றிப் பேச்சு வரும்போது வி. டி.யின் பெயரும் உடன் வருவதுண்டு. பெண்களை மறைப்பிலிருந்து வெளியே கொணர்ந்தவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி வரலாறு. மறுபாதி அதைவிடச் சுவையானது, இன்றைய விவாதத்துக்கு அதைவிடத் தேவையானதும் கூட.

வி. டி. 1896 மார்ச்சு 26-ஆம் நாள், அங்கமாலிக்கு அருகிலுள்ள கிடங்ஙூரில், தாய் வீட்டில் பிறந்தார். தந்தை வழி இல்லம் இருந்தது திருத்தாலையை அடுத்த மேழத்தூரில். பட்டாம்பிக்கு எதிரே, ஆற்றின் தென்கரையில் உள்ள ஊர் அது. அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே நம் தாத்தாக்களை ஆண்ட அதே சென்னை அரசாங்கந்தான் அவரையும் ஆண்டது.

அவர் பிறந்த நம்பூதிரி சமூகம் நிலமும் கோயிலும் வேதமும் தன் கையில் கொண்டிருந்த சமூகம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அதைவிடப் பாக்கியசாலிகள் இல்லை என்று தோன்றும். உள்ளே கதை வேறு. குடும்பச் சொத்து சிதறாமலிருக்க மூத்த மகன் ஒருவனே தன் சாதியில் மணம் புரியலாம். இளையவர்கள் நாயர், அம்பலவாசிக் குடும்பங்களில் சம்பந்தம் என்ற உறவு கொள்வார்கள். அந்த உறவில் பிறக்கும் குழந்தைகளுக்கும் தந்தைக்கும் சட்டப்படி எந்த ஒட்டும் கிடையாது. இதனால் இளைய மகனுக்கு நேர்ந்த அவலம் ஒருபுறமிருக்க, பெண்களுக்கு நேர்ந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் நான்கு ஆண்கள் இருந்தால் ஒருவன்தான் மணமகன் ஆவான், ஆனால் நான்கு பெண்கள் இருந்தால் நால்வருக்கும் மணமகன் வேண்டும். எனவே கிழவர்கள் இரண்டாவது, மூன்றாவது மனைவியாகச் சிறுமிகளை மணந்தனர். மணமே ஆகாமல் முதிர்ந்து மடிந்தவர் பலர். கிழவர் இறந்தால் இருபது வயதுப் பெண் வாழ்நாள் முழுவதும் கைம்பெண். மறுமணம் என்ற சொல்லே அங்கு இல்லை.

நம்பூதிரிப் பெண்ணுக்கு அந்தர்ஜனம் என்று பெயர். உள்ளே இருப்பவள் என்பது பொருள். பெயரே சட்டம் ஆயிற்று. உள்ளே இருப்பவள் அரிதாக வெளியே செல்ல நேர்ந்தால், உடல் முழுவதையும் ஒரு வெள்ளைப் புதப்பினால் போர்த்துக்கொள்ள வேண்டும். கையில் மறைக்குடை ஏந்த வேண்டும். மறைக்குடை என்பது ஓலையால் வேய்ந்த அகன்ற குடை. நம் ஊர்த் தாழங்குடையைப் போன்றதே, ஆனால் மழைக்கோ வெயிலுக்கோ பிடிப்பதன்று. முகத்துக்கு முன்னே சாய்த்துப் பிடிப்பது. பிடித்தவள் தன் காலடி மண்ணைத் தவிர வேறொன்றையும் காணமாட்டாள். அவளையும் யாரும் காணமாட்டார்கள். முன்னே ஒரு நாயர்ப் பணிப்பெண் குரல் கொடுத்து வழி விலக்கிக்கொண்டே செல்வாள். இந்த முறைக்குக் கோஷா என்று பெயர். அந்தச் சொல் நமக்கும் புதிதன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள பெண்கள் மருத்துவமனையை நம் பாட்டிமார் கோஷா ஆஸ்பத்திரி என்றுதானே சொல்லி வந்தார்கள்! ஆடவர் பார்வையில் படக் கூடாத பெண்களுக்காக ஏற்பட்டது என்பதாலேயே அந்தப் பெயர்.

முறை தவறியவளாகச் சந்தேகிக்கப்படும் பெண்ணை ஸ்மார்த்தவிசாரம் என்ற விசாரணையில் நிறுத்துவார்கள். 1905-இல் குறியேடத்துத் தாத்ரி என்ற அந்தர்ஜனத்தின் மீது நடந்த விசாரணை கேரளத்தையே உலுக்கியது. அந்தப் பெண் தன்னோடு தொடர்புடையவர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆடவரை அடையாளத்துடன் எடுத்துச் சொன்னாள். அவர்களும் சாதியிலிருந்து விலக்கப்பட்டார்கள். மறைக்குடை எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பதை அந்த ஒரு விசாரணை காட்டிவிட்டது. அப்போது வி. டி.க்கு வயது ஒன்பது.

வி. டி.யின் இல்லம் செல்வமுள்ளதன்று. வழக்கப்படி உபநயனம் ஆயிற்று, வேதம் ஓதக் கற்றார். பொருள் தெரியாமல் ஒலி மட்டும் கற்பதே அன்றைய முறை. பிறகு ஷொரனூருக்கு அருகே முண்டமுகச் சாஸ்தா கோயிலில் சாந்திக்காரர், அதாவது பூசாரி ஆனார். பதினேழு வயதை எட்டிய நிலையிலும் அவருக்குத் தாய்மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. வேதம் முழுவதும் நாவில் இருந்தது, மலையாள எழுத்து ஒன்றும் கண்ணில் இல்லை!

கோயிலுக்கு அருகில் வாழ்ந்த சிறுமி ஒருத்தி, பள்ளிக்கூடப் பாடத்தில் ஓர் ஐயத்தைக் கேட்டுக்கொண்டு ஒருநாள் அவரிடம் வந்தாள். பூசை செய்பவர், பெரியவர், அவருக்குத் தெரியாமலிருக்குமா என்பது அவளுடைய எண்ணம். அவருக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் அவரை உறங்கவிடவில்லை. அச்சிறுமியையே ஆசானாகக் கொண்டு எழுத்துப் படிக்கத் தொடங்கினார். சிறிது காலத்துக்குப்பின், நைவேத்தியத்துக்காக வாங்கிய வெல்லத்தைச் சுற்றி வந்த செய்தித்தாள் துண்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார். அதில் ஒரு விளம்பரம். மான் மார்க்குக் குடை என்று வாசித்தார். தம் வாழ்வில் முதன்முதலாகத் தாமே படித்த சொற்கள் அவை. பின்னாளில் குடை ஒன்றையே எதிர்த்துப் போராடப் போகிறவர் முதலில் படித்ததும் ஒரு குடையைப் பற்றி! கதாசிரியன் கற்பனை செய்திருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம். இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருப்பதால் நம்ப வேண்டியிருக்கிறது.

ஓர் ஆணுக்கு எழுத்தறிவித்தவள் ஒரு சிறு பெண், அதுவும் அவர் சாதிக்குக் கீழானவள் என்று அன்று கருதப்பட்ட வீட்டுப் பெண். இந்த நன்றியை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. அதன்பின் அவர் செய்த காரியங்கள் பலவற்றுக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

திருச்சூருக்கு அருகே எடக்குன்னியில் நம்பூதிரிகளுக்கென்று திறந்த வித்தியாலயத்தில் அவர் சேர்ந்தார். வயது இருபதைக் கடந்தவர், சின்னஞ்சிறு பையன்களோடு அமர்ந்து ஆங்கில எழுத்துப் படித்தார். 1921-இல் அகமதாபாத்தில் கூடிய காங்கிரசு மகாசபைக்குச் சென்று வந்தார். அதன் விளைவாகப் படிப்பு நின்றது, சாதியாரின் பகையும் வந்தது. அடுத்துத் திருச்சூர் மங்களோதயம் அச்சகத்தில் பிழை திருத்துபவராக வேலை பார்த்தார். பத்து ஆண்டுகளுக்குமுன் எழுத்தே அறியாதவர் இப்போது பிறர் எழுத்தைத் திருத்தினார்.

1908-இல் தோன்றியிருந்த யோகட்சேம சபை நம்பூதிரிகளின் சங்கம். நிலபுலன்களைப் பாதுகாப்பதற்கும் ஆங்கிலக் கல்வி பெறுவதற்கும் பெரியவர்கள் கூட்டியது. அதன் இளைஞர் பிரிவில் வி. டி.யும் அவருடைய தோழர்களும் சேர்ந்தபோது அதன் போக்கு மாறிற்று. குடுமியைக் கத்தரித்தார்கள். ‘உண்ணி நம்பூதிரி’ என்ற இதழில் எழுதினார்கள். இளையவர்களுக்கும் சொந்தச் சாதியில் மண உரிமை வேண்டும், பெண்ணுக்குக் கல்வி வேண்டும், கோஷா ஒழிய வேண்டும் என்றார்கள். சட்டங்களும் வந்தன. 1932-ஆம் ஆண்டின் மதராஸ் நம்பூதிரிச் சட்டம் இளைய மகன்களின் மண உரிமையை ஏற்றது. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அத்தகைய சட்டங்கள் ஏற்பட்டன.

1929 டிசம்பர் 24-ஆம் நாள் எடக்குன்னியில் வி. டி. எழுதிய ‘அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு’ என்ற நாடகம் அரங்கேறிற்று. அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு என்பது பொருள். கிழவர் ஒருவருக்குப் பலியாகக் கொடுக்கப்பட இருந்த தேத்தி என்ற பெண், நீதிமன்றத் தடையாணையின் துணையால் தப்பித் தான் விரும்பியவனை மணப்பதே கதை. கதையில் புதுமை அதிகமில்லை என்று இன்று தோன்றலாம். அன்று அந்த அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது தங்கள் தங்கை கதை, அத்தை கதை. கேரளத்தில் ஒரு நாடகம் ஒரு சமூகத்தின் நடைமுறையையே இப்படித் தாக்கியது அதற்குமுன் அரிது. ஊர் ஊராக நடித்தார்கள். வைதிகர்கள் எதிர்த்தார்கள். பின்னர் எம். ஆர். பி. என்ற முல்லமங்கலத்து இராமன் பட்டதிரிப்பாடு ‘மறைக்குடைக்குள்ளிலே மகாநரகம்’ என்ற நாடகத்தையும், அவர் தம்பி பிரேம்ஜி ‘ருதுமதி’ என்ற நாடகத்தையும் எழுதினர். நம் நாட்டில் சீர்திருத்தத்துக்கு நாடக மேடை பயன்பட்டதை அறிந்த தமிழ் மாணவருக்கு இது வியப்பாக இராது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அடுக்களையிலிருந்து பெண்ணை அரங்கத்துக்கு அழைத்த அந்த நாடகத்தில் பெண் வேடங்களைத் தாங்கியவர்கள் ஆண்களே. தேத்தியின் கண்ணீரை ஓர் ஆண் விட்டார். இதற்காக வி. டி.யைக் குறை சொல்லவில்லை. 1929-இல் வேறு வழியில்லை. ஆயினும் அந்தப் பெண்ணே பேசும் நாள் இன்னும் வரவில்லை என்பதும் உண்மைதானே.

அந்த நாள் வரத் தாமதமாகவில்லை. பார்வதி நென்மினிமங்கலம், ஆர்யா பள்ளம், பார்வதி மனழி போன்ற அந்தர்ஜனங்கள் மறைக்குடையையும் புதப்பையும் விட்டெறிந்து கூட்டங்களுக்கு வந்தனர். அதற்குக் கோஷா பகிஷ்காரம் என்று பெயர் ஏற்பட்டது. பின்னாளில் ‘அக்கினிசாட்சி’ நாவலால் புகழ்பெற்ற லலிதாம்பிகா அந்தர்ஜனமும் இவ்வாறு வெளியே வந்தவரே. குடையை எறிந்தவளுக்கு என்ன கிடைத்தது? பிரஷ்டு, அதாவது சாதிவிலக்கு. உறவினர் வீட்டுக் கதவு அடைபடும், கோயில் கதவு அடைபடும், பெற்ற தாய்கூடப் பழக்கத்தை மீறி முகம் பார்க்கத் தயங்குவாள். அந்த விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். கூட்டத்தில் கைதட்டிய ஆண்கள் அல்லர்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, நம் விவாதத்துக்கு வருகிறேன்.

மறைக்குடையை எடுத்துக்காட்டி, அதைப் போலவே முஸ்லிம் பெண்ணின் தலைத்துணியும் கழற்றப்பட வேண்டியதே என்று வாதிப்பவர்கள் உண்டு. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. அதே கேரள மண்ணில் அதற்கு முந்திய நூற்றாண்டில் நடந்த மற்றொரு போராட்டத்தை அவர்கள் நினைப்பதில்லை. தென் திருவிதாங்கூரில் நம் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணியக் கூடாதென்று தடுக்கப்பட்டார்கள். 1820-களிலிருந்து பல முறை கலகம் மூண்டது. அணிந்த துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான மகாராஜாவின் பிரகடனமே மேலாடை அணிய அனுமதி தந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக, ஒரே நாட்டில் ஒரு பெண் துணியை அணியப் போராடினாள், மற்றொருத்தி துணியைக் களையப் போராடினாள். இருவரும் எதிர்த்தது ஒன்றையே: தன் உடல் மீது என்ன இருக்க வேண்டும் என்பதை மற்றவன் தீர்மானிப்பதை. துணி நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் இந்த இரண்டு போராட்டங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டுத் தோன்றும்.

வெளிநாடுகளும் இதையே காட்டுகின்றன. 1936-இல் ஈரானின் ரேசா ஷா பெண்களின் முக்காட்டைத் தடை செய்தார். போலீசார் தெருவில் பெண்களின் சாதரைப் பறித்தார்கள். விளைவு, வெளியே வந்துகொண்டிருந்த பெண்கள் பலர் வீட்டுக்குள் அடைந்தார்கள். 1979 புரட்சிக்குப் பின் அதே நாட்டில் தலைத்துணி கட்டாயமாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் மாசா அமினி என்ற இளம்பெண் உடைக் காவலரின் பிடியில் இருந்தபின் உயிரிழந்தாள். பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கழற்று என்று சொன்னதும் அரசு, கட்டு என்று சொன்னதும் அரசு. அடிபட்டவள் மட்டும் இருமுறையும் பெண்.

நம் நாட்டிலேயே வி. டி.யின் காலத்தில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வங்காளத்தின் பேகம் ரொக்கேயா 1911-இல் கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார். பெண்களை வீட்டுக்குள் பூட்டி வைப்பதன் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்தெழுதிய ‘அவரோதவாசினி’ அவருடைய நூலே. அவரே பர்தா அணிந்துதான் வீடு வீடாகச் சென்று மாணவிகளைத் திரட்டினார். துணியை விட்டுப் பெண்ணை அழைத்திருந்தால் ஒரு பெண்ணும் வந்திருக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பூட்டு வேறு, துணி வேறு என்று பிரித்துப் பார்த்தார்.

மறைக்குடை பூட்டு. அதைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குச் செல்ல முடியாது. கையில் குடை இருந்தால் புத்தகம் எங்கே பிடிப்பது? விட்டால் சாதிவிலக்கு என்பதால் அதைப் பிடிப்பதில் எந்தப் பெண்ணின் விருப்பத்துக்கும் இடமில்லை. உடுப்பியில் நிலைமை வேறு. தலைத்துணியோடு வந்த பெண் புத்தகத்தோடு வந்தாள். வாயிலில் அவளை நிறுத்தியது கல்லூரி. 2022 மார்ச்சு 15-ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றம் கல்லூரிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. தலைத்துணி அம்மதத்தின் இன்றியமையாத கடமையன்று என்றும் சீருடை விதி நியாயமான கட்டுப்பாடே என்றும் கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்புகள் எழுதினர். நீதிபதி ஹேமந்த் குப்தா உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா அதை மறுத்து, அந்தப் பெண்ணின் படிப்பே எல்லாவற்றினும் முதலாவது என்ற கருத்தில் எழுதினார். வழக்கு பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கேரளத்திலும் ஒரே நிலை இருந்ததில்லை. 2016-இல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தலைத்துணியோடு செல்ல உயர்நீதிமன்றம் இடம் தந்தது. 2018-இல், தனியார் பள்ளியின் சீருடை விதியை மீறித் தலைத்துணி அணிய மாணவிகள் வற்புறுத்த முடியாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 அக்டோபரில் கொச்சியில் ஒரு பள்ளியில் இதே பேச்சு மீண்டும் எழுந்தது.

மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. தலைத்துணி அணிவது பெண்ணின் விருப்பம் என்று மேடையில் பேசும் சில நண்பர்கள், தம் வீட்டுத் தங்கை அதை வேண்டாம் என்று சொன்னால் அந்த விருப்பத்தையும் ஏற்பார்களா? பாலக்காட்டுப் புதுநகரத்திலும் இடுக்கியின் தொடுபுழையிலும் வாழும் இராவுத்தர் குடும்பங்கள் தமிழ் பேசுபவை. அவ்வீட்டுப் பாட்டிமார் சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கொண்டார்கள், அல்லது வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டார்கள். வளைகுடாப் பயணங்கள் பெருகிய பிறகு கறுப்புப் பர்தா வந்தது. பாட்டியின் முந்தானை மார்க்கத்துக்குப் போதாது என்று பேரனுக்குச் சொன்னது யார்? அந்த வீடுகளிலும் ஒரு யோகட்சேம சபை உண்டு, ஒரு பிரஷ்டும் உண்டு. அதைத் தகர்க்க வேண்டியவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள். வெளியிலிருந்து காவல்காரன் போய்த் தகர்த்தால் ரேசா ஷாவின் கதைதான். மூணாற்றிலும் பீர்மேட்டிலும் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டுதான் மலையேறுகிறார்கள். அதைப் பற்றி எந்த மன்றத்திலும் விவாதம் நடந்ததில்லை. துணி ஒன்றே, எந்தத் தலையில் என்பதுதான் நம் கண்ணை உறுத்துகிறது.

வி. டி. செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவதும் இதுவே. தம் வீட்டுக் குப்பையைத் தாம் கூட்டினார். பிறர் வீட்டில் விளக்குமாறோடு நுழையவில்லை. தம் சாதிச் சபையில், தம் சாதி மொழியில், தம் சாதியாரின் வசையைத் தாமே கேட்டுக்கொண்டு பேசினார். பேச்சோடு நிற்கவும் இல்லை. 1931-இல் ஏழை மாணவரின் கல்விக்காகத் திருச்சூரிலிருந்து வடக்கே சந்திரகிரிப் புழை வரையில் கால்நடையாகச் சென்று பிச்சை எடுத்தார். அதை யாசனை யாத்திரை என்பர். 1934 செப்டம்பர் 13-ஆம் நாள் தம் வீடாகிய இரசிகசதனத்தில், தம் மனைவியின் சகோதரியும் கைம்பெண்ணுமான உமா அந்தர்ஜனத்துக்கும் எம். ஆர். பி.க்கும் திருமணம் நடத்தி வைத்தார். நம்பூதிரி சமூகத்தில் நடந்த முதல் கைம்பெண் மறுமணம் அது. அதில் கலந்துகொண்டவர்களைச் சாதி விலக்கியது. பின்னர்த் தம் தங்கையை வேறு சாதியைச் சேர்ந்தவருக்கு மணம் செய்வித்தார். சீர்திருத்தம் பேசுபவரின் சோதனை அவர் வீட்டுத் திருமணத்தில்தான் என்று நாம் சொல்லுவதுண்டு. அந்தச் சோதனையில் அவர் இருமுறை நின்றார்.

கோயிலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று மிகக் கடுமையானது. முன்னாள் பூசாரி, கோயில்களுக்குத் தீயிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். நெருப்பு எழுத்தில்தான் இருந்தது என்றாலும் சூடு எங்கும் பரவிற்று. இந்த வேகம் அவருக்கு நன்மையே செய்ததென்று சொல்ல மாட்டேன். ஆதரித்து வந்த சிலரும் விலகினார்கள். பட்டாம்பியை அடுத்த கொடுமுண்டாவில் 1935-ஐ ஒட்டிச் சாதி பேதமின்றி மக்கள் கூடி வாழும் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். அந்த முயற்சி நீடிக்கவில்லை.

1944-இல் யோகட்சேம சபை பட்டாம்பிக்கு அருகே ஓங்ஙல்லூரில் கூடியது. தலைமை வகித்தவர் இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு. நம்பூதிரியை மனிதனாக்குவது என்பதே அன்றைய பேச்சின் சாரம். அதன் தொடர்ச்சியாக இலக்கிடியில் அந்தர்ஜனங்கள் ஒரு தொழில்கேந்திரம் அமைத்தனர். அங்கே பெண்கள் கூடி உழைத்தார்கள், சம்பாதித்தார்கள். 1948-இல் அவர்களே சேர்ந்து ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ என்ற நாடகத்தை எழுதி, அவர்களே எல்லா வேடங்களையும் தாங்கி நடித்தார்கள். ஆண் வேடத்தையும் பெண்ணே போட்டாள். வி. டி.யின் நாடகம் அரங்கேறி இருபதாண்டும் ஆகவில்லை. மேடை தலைகீழாக மாறிவிட்டது.

அந்த நாடகம் சொன்ன சேதியும் வேறு. மறைக்குடையை எறிந்து சேலை உடுத்தி, விரும்பியவனை மணந்துகொண்ட பெண் விடுதலை பெற்றுவிட்டாளா? கையில் சொந்தக் காசு இல்லாத வரையில் அவள் ஓர் அடுக்களையிலிருந்து மற்றோர் அடுக்களைக்குத்தான் சென்றிருக்கிறாள் என்று அவர்கள் சொன்னார்கள். ஆண்கள் இருபது ஆண்டுகள் அவளுடைய குடையைப் பற்றிப் பேசினார்கள். அவள் வாய் திறந்தபோது வேலையைப் பற்றிப் பேசினாள். இந்த வேறுபாட்டை நம் விவாத மன்றங்கள் கவனிக்க வேண்டும். தலைத்துணி பற்றி நம் சங்கத்தில் நடக்கும் பேச்சிலும் மேடையேறுபவர் பெரும்பாலும் ஆண்கள்தாம். அதை அணியும் மாணவியரிடம் மைக்கைக் கொடுத்தால் அவர்கள் உதவித்தொகையைப் பற்றியும் விடுதி நேரத்தைப் பற்றியும் பேசக்கூடும். ஆர்யா பள்ளமும் குடையோடு நிற்கவில்லை. 1947–48-இல் கொச்சி நாட்டுப் பாலியத்தில், கீழ்சாதியார் நடக்கக் கூடாதென்று அடைத்திருந்த வழியைத் திறப்பதற்காக நடந்த சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டார். தனக்கு வழி திறந்தபின் அடுத்தவருக்கு வழி கேட்கச் சென்றார்.

பிற்காலத்தில் வி. டி. பெரும்பாலும் மேழத்தூரிலேயே வாழ்ந்தார். தம்முடைய பழைய தோழர்கள் மந்திரிகளாகவும் தலைவர்களாகவும் உயர்ந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தார். பதவி எதையும் நாடவில்லை. 1968-இல், எழுபத்திரண்டு வயதில், கலப்புத் திருமணத்தை ஆதரித்து வடக்கே காஞ்ஞங்காட்டிலிருந்து தெற்கே நாராயண குரு பிறந்த செம்பழந்தி வரையில் பிரசாரப் பயணம் ஒன்றை நடத்தினார். 1970-இல் ‘கண்ணீரும் கினாவும்’ என்ற தன்வரலாறு வெளிவந்தது. கண்ணீரும் கனவும் என்பது பொருள். அடுத்த ஆண்டு கேரள சாகித்திய அகாதமியின் பரிசு அதற்குக் கிடைத்தது. மலையாளம் படிக்கத் தெரிந்த நம் பாலக்காட்டு நண்பர்கள் அதை நூலகத்தில் தேடிப் படிக்கலாம். சிறிய நூல், வெல்லத்தாளைப் பற்றிய பகுதி அதில் இருக்கிறது.

1982 பெப்ரவரி 12-ஆம் நாள், தமது எண்பத்தாறாம் வயதில், மேழத்தூரில் அவர் காலமானார். அப்போது அவ்வட்டாரத்து இல்லங்களில் மறைக்குடை பிடிக்கும் பெண் யாரும் இல்லை. பழைய குடைகள் பரணில் கிடந்து ஓலை உதிர்ந்து போயிருந்தன.